ஏரையும் எஞ்சினையும் இணைத்த ஹாரி ஃபெர்குசன்

சென்ற ஐப்பசியில் மண் மாதிரி எடுப்பதற்காகப் பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றை ஒட்டிய ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். தோப்பு ஓரத்தில் ஒரு சிவப்பு டிராக்டர் நின்றது. சிறிய வண்டிதான். பின்னால் மண் தோண்டும் கை பூட்டியிருந்தது. பேக்ஹோ என்பது அதன் பெயர். நம் ஊரில் அதையும் ஜேசிபி என்றே சொல்லிவிடுகிறோம். வாய்க்கால் தூர் வாரவும், தென்னங்குழி எடுக்கவும், குழாய் பதிக்கவும் வாடகை வண்டிக்கு நாள் கணக்கில் காத்திருக்க முடியாது என்று அந்த விவசாயி கடன் வாங்கிப் பூட்டியது.

அந்த வாரம் அது ஒரு குழியும் எடுக்கவில்லை. தோண்டும் கையின் அடியில் இருக்கும் பின் தேய்ந்து, பின் நுழையும் துளை வட்டம் மாறி முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. பக்கெட்டைக் கையால் தள்ளினாலே முழுக் கையும் ஆடியது. லேத்துக்கு எடுத்துப்போய், துளையை வெல்டிங் வைத்து நிரப்பி, மறுபடி கடைந்து, புது புஷ் அடிக்க வேண்டும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தூர் வாராத வாய்க்காலில் தண்ணீர் நின்று, கீழ்க்காட்டு நிலக்கடலை அழுகத் தொடங்கியிருந்தது.

கிரீஸ் யார் வைப்பது என்று கேட்டேன். டிரைவர் வைப்பார் என்றார் விவசாயி. டிரைவரைக் கேட்டால், சர்வீஸுக்கு விடும்போது வைத்துவிடுவார்கள் என்றார். இருவருமே மனதறிந்து பொய் சொல்லவில்லை. அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருவரும் நம்பியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். பாதி நிப்பிள்கள் காய்ந்த சேற்றுக்குள் இருந்தன. சில, மேலே அடித்த பெயின்டுக்குள் புதைந்திருந்தன. வண்டி மீதோ அதைச் செய்தவர்கள் மீதோ குற்றம் இல்லை.

நிமிர்ந்தபோது பானெட்டில் எழுதியிருந்த பெயர் கண்ணில் பட்டது. மாஸி ஃபெர்குசன். அது யாரோ ஒரு வெள்ளைக்காரரின் முழுப் பெயர் என்று அந்த விவசாயி இத்தனை நாளும் எண்ணியிருந்தார். உண்மையில் அது இரண்டு குடும்பங்களின் பெயர். மாஸி, 1847-ல் கனடாவில் பண்ணைக் கருவிகள் செய்யத் தொடங்கிய டேனியல் மாஸியின் வழி வந்தது. ஃபெர்குசன் என்பவர் அயர்லாந்து விவசாயி ஒருவரின் மகன். இன்று உலகில் எந்த நிறுவனத்தின் டிராக்டரை வாங்கினாலும், பின்பக்கம் கருவி மாட்ட இரண்டு கீழ் லிங்க்கும் ஒரு டாப் லிங்க்கும் இருக்கிறதே, அதை உலகத்துக்குத் தந்தவர் அவர். டிராக்டருக்கும் ஏருக்கும் நடுவில் இருக்கும் மூட்டைப் பற்றி ஆயுள் முழுக்க யோசித்த மனிதர். மூட்டு கெட்டு நின்ற அந்த வண்டியின் அருகில் அவர் கதை நினைவுக்கு வந்தது.

நடந்து உழுத காலம்

ஹாரி ஃபெர்குசன் 1884 நவம்பர் 4-ல் அயர்லாந்தின் வடபகுதியில், டவுன் மாவட்டத்தில் க்ரோவெல் என்ற சிற்றூரில் பிறந்தார். 11 பிள்ளைகளில் நான்காமவர். தந்தைக்குச் சுமார் 100 ஏக்கர் நிலம். வீட்டில் கடுமையான சமயக் கட்டுப்பாடு. வயலில் கடுமையான உடலுழைப்பு. பையன் சிறிய உருவம், மூக்குக்கண்ணாடி வேறு. இரண்டுமே அவருக்கு ஒத்துவரவில்லை. 14 வயதில் பள்ளியை விட்டு வயலுக்கு வந்தவர், எப்படியாவது இதிலிருந்து தப்ப வேண்டும் என்றே இருந்தார்.

அந்த அலுப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். குதிரை பூட்டிய கலப்பை ஒரு சாலுக்கு 10 அங்குல அகலம் பிரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரை உழுது முடிக்க உழவர் ஏறக்குறைய 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நம் நாட்டுக் கலப்பையின் சால் அதைவிடக் குறுகியது. நம் தாத்தாக்கள் இன்னும் அதிகம் நடந்தார்கள்.

கனடாவுக்குக் கப்பலேறிவிடலாம் என்று ஹாரி நினைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் ஜோ பெல்ஃபாஸ்ட் நகரில் மோட்டார் வண்டியும் சைக்கிளும் பழுதுபார்க்கும் பட்டறை வைத்தார். 1902-ல் தம்பி அங்கே சேர்ந்தார். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே அதன் குறையைக் கண்டுபிடித்துச் சீர்செய்வதில் அவருக்குச் சீக்கிரமே பெயர் வந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டினார். பிறகு விமானப் பித்துப் பிடித்தது. தானே ஒரு விமானம் கட்டி, 1909 டிசம்பர் 31-ல் ஹில்ஸ்பரோ என்ற இடத்தில் அதை 130 கெஜ தூரம் பறக்க விட்டார். அயர்லாந்தில் விமானம் பறந்தது அதுவே முதல் முறை. அதன்பின் பலமுறை விழுந்தும் எழுந்தார். பட்டறை வேலை கெடுகிறதே என்று அண்ணனுக்குக் கவலை. 1911-ல் தம்பி தனிக் கடை போட்டார்.

அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தவர் வில்லி சாண்ட்ஸ் என்ற மெக்கானிக். ஃபெர்குசன் சொல்வதை இரும்பில் செய்துகாட்டியவர் அவர். இடையிடையே விலகினாலும் பல ஆண்டுகள் கூட இருந்தார். எந்த பானெட்டிலும் அவர் பெயர் இல்லை.

1917-ல் கண்ட கோளாறு

முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் பிரிட்டனுக்கு வரும் தானியக் கப்பல்களை மூழ்கடித்தன. இருக்கும் நிலத்தையெல்லாம் உழுது பயிர் செய்ய வேண்டிய கட்டாயம். ஆட்களும் குதிரைகளும் போர்முனைக்குப் போயிருந்தன. அரசு டிராக்டர்களை இறக்கியது. 1917-ல் அயர்லாந்து வேளாண் வாரியம், அரசு டிராக்டர்களின் பராமரிப்பையும் பதிவேடுகளையும் மேற்பார்க்கும் பொறுப்பை ஃபெர்குசனிடம் கொடுத்தது. அவரும் சாண்ட்ஸும் ஊர் ஊராகப் போனார்கள். பழுது பார்த்தார்கள், ஓட்டிக்காட்டினார்கள், ஏரைச் சரியாகப் பூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஃபெர்குசன் வாழ்க்கையின் திருப்புமுனை இந்தப் பயணம்தான் என்பது என் கருத்து. விமானத்தைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள். ஆனால் பராமரிப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வயல் வயலாகப் போனவருக்குத்தான், ஒரே மாதிரிக் கோளாறு எல்லா ஊரிலும் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

அவர் கண்டது இதுதான். டிராக்டர் ஒரு தனி இயந்திரம். கலப்பை, தனக்கென்று சக்கரங்களும் நெம்புகோல்களும் உள்ள இன்னொரு தனி இயந்திரம். இரண்டையும் ஒரு சங்கிலியோ கம்பியோ இணைத்தது. டிராக்டரை ஒருவர் ஓட்ட, கலப்பை மேல் இன்னொருவர் உட்கார்ந்து ஆழத்தைக் கூட்டிக் குறைத்தார். இழுக்கப் பிடிமானம் வேண்டும் என்பதற்காக டிராக்டரைக் கனமாகச் செய்தார்கள். கனமான டிராக்டர் மண்ணை மிதித்து இறுக்கியது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். பின்சக்கரம் சுழல முடியாமல் நிற்கும்போது, டிராக்டரே அச்சைச் சுற்றி மேலெழும். முன்பக்கம் தூக்கி, மல்லாந்து, ஓட்டுபவர் மேலேயே விழும். அந்தக் காலத்தில் விலை மலிந்து பெருகிய ஃபோர்ட்சன் டிராக்டர்களில் இப்படி இறந்தவர்கள் பலர்.

இன்றும் பனைவேரைப் பிடுங்க டாப் லிங்க் கொக்கியிலோ பின் அச்சிலோ சங்கிலி கட்டி இழுப்பவர்களைப் பார்க்கிறேன். நூறு ஆண்டுக்கு முந்தைய அதே விபத்துக்கு வழி அது. எதை இழுத்தாலும் பின் அச்சுக்குக் கீழே உள்ள டிராபாரில்தான் கட்ட வேண்டும்.

கோளாறு டிராக்டரிலும் இல்லை, கலப்பையிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்பது ஃபெர்குசனின் முடிவு. அடுத்த 20 ஆண்டுகள் அவர் அந்த நடுவிலேயே வேலை செய்தார்.

மேழி பிடித்த கை

முதலில் சக்கரமே இல்லாத லேசான கலப்பை ஒன்றைச் செய்து டிராக்டரோடு நேரடியாகப் பூட்டினார். பிறகு இரண்டு இணைப்புகளால் பிடித்த கலப்பை. கடைசியில் மூன்று. கீழே இரண்டு லிங்க்குகள் கலப்பையை இழுக்கும். மண்ணின் எதிர்ப்பால் கலப்பை முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். அந்த உந்தலை மேலே உள்ள டாப் லிங்க் வாங்கி டிராக்டர் உடம்புக்குள் தள்ளும். இதனால் முன்பக்கம் தூக்காமல் தரையில் நிற்கிறது. கலப்பையின் கனமும் மண் அதைக் கீழே இழுக்கும் விசையும் பின்சக்கரத்தின் மேல் ஏறுகின்றன. வண்டி லேசாக இருந்தாலும் வேலை செய்யும் நேரத்தில் மட்டும் கனமாகிவிடும்.

ஆழத்துக்கு என்ன செய்வது? மாட்டேர் உழுதவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இறுகிய மண்ணில் கலப்பை திணறினால் உழவர் மேழியைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பார்; மண் இளகினால் அழுத்துவார். கை தானாகச் செய்யும் வேலை அது. ஃபெர்குசன் அந்தக் கையின் வேலையை எண்ணெயிடம் கொடுத்தார். டாப் லிங்க்கில் வரும் அழுத்தம் ஒரு ஸ்பிரிங்கைத் தள்ள, ஸ்பிரிங் ஹைட்ராலிக் வால்வை நகர்த்த, கலப்பை விரற்கடை மேலே வரும். அழுத்தம் குறைந்தால் மறுபடி இறங்கும். இன்று நம் டிராக்டரில் டிராஃப்ட் கன்ட்ரோல் என்று ஒரு லிவர் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. அந்த லிவரின் பிறப்பு இது. 1925-ல் விண்ணப்பித்து, 1926-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

காப்புரிமை கிடைத்தாலும் செய்துதர ஆள் கிடைக்கவில்லை. 1933-ல் தன் செலவிலேயே ஒரு மாதிரி டிராக்டர் கட்டினார். கறுப்புப் பெயின்ட் அடித்ததால் அதற்குக் கறுப்பு டிராக்டர் என்றே பெயர். பற்சக்கரம் செய்யும் டேவிட் பிரவுனோடு சேர்ந்து 1936-ல் விற்பனைக்கு இறக்கினார். சுமார் 1,350 வண்டிகள்தான் போயின. அந்த டிராக்டரை வாங்கினால் பழைய கருவி எதுவும் மாட்டாது, எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும் என்பது விவசாயிகளின் தயக்கம். நியாயமான தயக்கம்தான். வண்டியைப் பெரிதாக்க வேண்டும் என்று பிரவுன் சொல்ல, கூடாது என்று இவர் பிடிவாதம் பிடிக்க, இருவரும் பிரிந்தார்கள்.

கைகுலுக்கிய ஒப்பந்தம்

1938 அக்டோபரில் ஃபெர்குசன் ஒரு டிராக்டரையும் கருவிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போனார். டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டின் வீட்டு நிலத்தில் உழுதுகாட்டினார். பிறகு ஒரு மேசையைப் போட்டு, சாவி கொடுத்தால் ஓடும் சிறிய பொம்மை டிராக்டரை வைத்துத் தன் முறையை விளக்கினார். ஃபோர்டும் விவசாயி மகன்; குதிரை ஏரில் நொந்தவர். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒப்பந்தம் அவ்வளவுதான், ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஃபோர்டு செய்ய வேண்டும், ஃபெர்குசன் விற்க வேண்டும். 1939-ல் வெளிவந்த அந்தச் சிறிய டிராக்டர் 1947 வரை 3 லட்சத்துக்கும் மேல் விற்றது.

ஃபோர்டு முதுமையில் ஒதுங்க, பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்புக்கு வந்தார். இந்த ஏற்பாட்டில் கம்பெனிக்கு நஷ்டம் என்று 1947-ல் முறித்துக்கொண்டு, அதே ஹைட்ராலிக் முறையோடு தன் டிராக்டரைத் தானே விற்கத் தொடங்கினார். ஃபெர்குசனுக்கு ஒரே நாளில் சரக்கு நின்றுபோனது போல ஆயிற்று. எழுத்தில் எதுவும் இல்லை. 25 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார். நான்கு ஆண்டுக்கு மேல் இழுத்த அந்த வழக்கு 1952 ஏப்ரலில் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. பெரிய கம்பெனியைப் பணியவைத்தார் என்று அவர் தரப்பு கொண்டாடியது. கேட்டதையும் கிடைத்ததையும் வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்ச்சொல்லை நம்பிக் குத்தகைக்கு நிலம் எடுத்து நடுவில் வெளியேற்றப்பட்ட எத்தனையோ பேரை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். அவருக்காவது காப்புரிமைக் காகிதம் கையில் இருந்தது.

ஒரே ஸ்பேனர்

இதற்கிடையே 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், போர்க்காலத்தில் விமான எஞ்சின் செய்த தொழிற்சாலையில் அவருடைய சாம்பல் நிற டிராக்டர் வரத் தொடங்கியிருந்தது. டி.இ.20 என்பது அதன் பெயர். எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ல் தென்துருவத்தை அடைந்தது இந்த வகை டிராக்டர்களில்தான். சக்கரங்களுக்கு மேல் பட்டைச் சங்கிலி பூட்டி ஓட்டிப் போனார்கள்.

ஆனால் எனக்குத் தென்துருவத்தைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த வண்டியோடு கொடுத்த ஸ்பேனர். இரண்டு முனைக்கு இரண்டு அளவு. விவசாயி தானே தொட வேண்டிய நட்டுகள் டிராக்டரிலும் கருவிகளிலும் ஏறக்குறைய எல்லாம் அந்த இரண்டு அளவுக்குள் அடங்கின. ஸ்பேனரின் கைப்பிடியில் அங்குலக் கோடுகள் போட்டிருந்தார்கள். சாலின் அகலத்தையும் ஆழத்தையும் அதை வைத்தே அளந்துகொள்ளலாம். கருவியை மாட்டவும் கழற்றவும் ஸ்பேனர்கூட வேண்டாம். மாட்டுவண்டிக் கடையாணியைப் போல, வளையம் உள்ள ஒரு சிறு பின்னைச் செருகினால் முடிந்தது. இன்றும் நம் லிங்க்குகளில் இருப்பது அதே கடையாணிதான். கருவிகளைப் பயன்படுத்தவும் பராமரிக்கவும் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சிப் பள்ளியையும் நடத்தினார். சுத்தத்திலும் ஒழுங்கிலும் அவர் காட்டிய கண்டிப்பு ஊழியர்களுக்குச் சில நேரம் தாங்க முடியாததாக இருந்தது. பிடிவாதக்காரர், சேர்ந்து தொழில் செய்ய எளிதான மனிதர் அல்ல. அண்ணன், பிரவுன், ஃபோர்டு என்று வரிசையாகப் பிரிந்ததே அதற்குச் சாட்சி.

1953-ல் தன் தொழிலை மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். 1.6 கோடி டாலரா, 1.7 கோடி டாலரா என்று விலையில் இழுபறி. அந்த 10 லட்சம் டாலரை நாணயம் சுண்டித் தீர்த்துக்கொண்டார்கள். ஃபெர்குசன் தோற்றார். அடுத்த ஆண்டே அங்கிருந்தும் விலகினார். கடைசிக் காலத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் கார் செய்வதில் ஈடுபட்டார். 1960 அக்டோபர் 25-ல், 75 வயதில், இங்கிலாந்தில் தன் வீட்டில் காலமானார்.

அதே 1960-ல்தான் சென்னையில் டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் கூட்டோடு தொடங்கப்பட்டது. ஆழ்வார்குறிச்சியில் பிறந்து சிம்ப்சன், அமால்கமேஷன்ஸ் குழுமத்தை வளர்த்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் காலத்து முயற்சி அது. செம்பியத்தில் உருவான டிராக்டர்கள் வழியாக அந்த அயர்லாந்துக்காரரின் பெயர் வேலூர், ஆம்பூர் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது.

மூட்டுக்கு எண்ணெய்

பேக்ஹோவை ஃபெர்குசன் கண்டுபிடிக்கவில்லை. டிராக்டரின் பின்னால் அதைப் பூட்டிப் பெயர் பெற்றவர்களில் ஒருவர், 1953-ல் தன் முதல் பேக்ஹோ லோடரைச் செய்த இங்கிலாந்தின் ஜே.சி. பாம்ஃபோர்ட். அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் நம் ஊரில் பொதுச்சொல் ஆகிவிட்டன. ஃபெர்குசனின் மூன்று இணைப்புகள் ஏருக்காக அளந்தவை. ஏர் ஒரே திசையில் இழுபடும். பேக்ஹோ தள்ளும், முறுக்கும், பக்கவாட்டில் அடிக்கும். அதனால் வெறும் மூன்று லிங்க்கில் மட்டும் தொங்கவிட்ட பேக்ஹோ டிராக்டரின் முதுகையே நோகடிக்கும். ஓட்டுபவருக்கும் ஆபத்து. டிராக்டருக்கு அடியில் நீளச் சட்டம் ஓடி, அந்தச் சட்டம் சுமையை வாங்கும்படிதான் பொருத்த வேண்டும். வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிப் பொருத்தினாலும் சுமை முழுவதும் கடைசியில் பின்களின் மேல்தான் இறங்குகிறது. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலமாகக் கிரீஸ் இருக்கும் வரை இரும்போடு இரும்பு உரசாது. நம் பெரியவர்கள் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சில் தடவியது இதற்காகத்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் தடவினார்கள். அச்சு கத்தும் வண்டியை ஊரே திரும்பிப் பார்க்கும், ஓட்டுபவருக்கு வெட்கம். டீசல் எஞ்சின் சத்தத்தில் பின் கத்துவது யாருக்கும் கேட்பதில்லை.

பேக்ஹோவில் கை திரும்பும் கம்பத்தின் மேல், கீழ், பூம் அடி, பூமும் ஆர்மும் சேரும் முழங்கை, பக்கெட் பின்கள், ஒவ்வொரு ஹைட்ராலிக் சிலிண்டரின் இரு முனைகள், தரையில் ஊன்றும் கால்கள் ஆகிய இடங்களில் நிப்பிள் இருக்கும். டிராக்டரில் முன் அச்சின் நடுப் பின், கிங்பின்கள், லிஃப்ட் கையின் திருகுப் பெட்டி. எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்த்து எண்ணி, நிப்பிளைச் சுற்றி மஞ்சள் பெயின்டில் ஒரு வளையம் போட்டுவையுங்கள். நிப்பிள் மேல் பெயின்ட் படக் கூடாது, வாயில் உள்ள சிறு குண்டு ஒட்டிக்கொள்ளும்.

பேக்ஹோ வேலை செய்யும் நாளில் தினமும், அதாவது 8 முதல் 10 மணி நேர வேலைக்கு ஒருமுறை, பின்களுக்குக் கிரீஸ் வேண்டும். மூன்று மாத சர்வீஸ் வரை தள்ளிப்போட முடியாது. நான் மாலை வேலை முடிந்ததும் வைக்கச் சொல்வேன். மூட்டு சூடாக இருப்பதால் கிரீஸ் எளிதில் இறங்கும், உள்ளே புகுந்த ஈரமும் இரவு முழுக்கத் தங்காது. பக்கெட்டைத் தரையில் இறக்கி, கால்களை ஊன்றி, எஞ்சினை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். முதலில் நிப்பிளைத் துணியால் துடையுங்கள். துடைக்காமல் அடித்தால் பாலாற்று மணலும் கிரீஸோடு உள்ளே போகும். மணல் கலந்த கிரீஸ் சாணைக்கல் செய்கிற வேலையைச் செய்யும். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறி, ஓரத்தில் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள்.

பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. பின்னின் ஒரு பக்கம் சுமையில் அழுந்தியிருக்கும்போது அந்தப் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது, எதிர்ப்பக்கமாகவே வழியும். அதனால் ஒருமுறை அடித்துவிட்டு, கையை மேலும் கீழும் அசைத்து, மறுபடி இறக்கி நிறுத்தி, இன்னும் இரண்டு பம்ப் கொடுங்கள். அடித்தும் இறங்கவில்லை என்றால் நிப்பிள் அடைத்திருக்கும். கழற்றி மாற்றுங்கள், மலிவான பொருள்தான். அடைப்பைத் தள்ளிவிடலாம் என்று முழு பலத்தோடு அழுத்தும்போது முனையில் விரல் வைக்கவே வேண்டாம். உயர் அழுத்தக் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் விரலையே இழக்க நேரலாம். அப்படி நடந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிரீஸ் வகையைக் கையேடு சொல்லும். பெரும்பாலும் லித்தியம் அடிப்படையிலான, அதிக அழுத்தம் தாங்கும் 2-ம் எண் கிரீஸ். கிடைத்ததையெல்லாம் ஒரே கன்னில் கலக்காதீர்கள். சில வகைகள் சேர்ந்தால் இளகி ஒழுகிவிடும்.

நம் பகுதிக்கு மட்டும் ஒரு வார்த்தை. தோல் தொழிற்சாலைக் கழிவால் ஆம்பூர், வாணியம்பாடி சுற்றிலும் பல கிணறுகளில் உப்பு ஏறியிருக்கிறது. பயிருக்கு அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான் நான் வழக்கமாகப் பேசுவேன். இரும்புக்கும் அது ஆகாது. அந்தத் தண்ணீரில் வண்டி கழுவினால் உப்பு பின் இடுக்கில் தங்கித் துருவைக் கூட்டும். கழுவிய அன்றே, காய்ந்ததும், எல்லா நிப்பிளுக்கும் ஒரு சுற்று வைத்துவிடுங்கள். உள்ளே புகுந்த தண்ணீரைப் புதுக் கிரீஸ் வெளியே தள்ளிவிடும்.

கார்த்திகைக் கடைசியில் மறுபடி அந்தத் தோப்புக்குப் போனேன். கடைந்து புஷ் போட்ட பூம் ஆடாமல் நின்றது. நிலக்கடலையில் பாதி போனது போனதுதான். விவசாயியும் டிரைவரும் சேர்ந்து நிப்பிள்களை எண்ணியிருந்தார்கள். மொத்தம் 27. கிரீஸ் கன்னை இப்போது விவசாயி வைத்திருக்கிறார், கையை அசைத்துக் கொடுப்பது டிரைவர் வேலை. முன் அச்சின் நடுப் பின்னுக்கு மட்டும் மல்லாந்து படுத்தால்தான் எட்டுகிறது. அதற்காக சீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கு மடித்து வைத்திருக்கிறார்கள்.